முள்ளாட்டின் கை

அப்பாவின் வலது கையும் மணப்பாறை யாவாரியின் வலது கையும் ஒரே துண்டுக்குள் இருந்த நேரத்தில் என் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்க எனக்குக் கை இல்லை. இடது கையில் இரண்டு கிடாய்களின் கயிறு, வலது கையில் அப்பாவின் டீ டம்ளர். அய்யலூர்ச் சந்தையில் துண்டுக்கு மேலே இருக்கும் முகங்களை நம்பக் கூடாது. அவர்கள் இருவரும் மழை ஏமாற்றியதைப் பற்றியும் வடமதுரையில் யார் வீட்டிலோ நடந்த சடங்கைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். துண்டுக்குக் கீழே விரல்கள் ஒன்றையொன்று பிடித்து அழுத்தி விலை பேசின. சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியக் கூடாது, அதுதான் முறை. திடீரென்று மணப்பாறைக்காரர் கையை உருவிக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அப்பா பதறவில்லை. டம்ளருக்குக் கையை நீட்டினார்.

“வருவான். டீக்கடை வரைக்கும் போயிட்டு வருவான் பாரு.”

வந்தார். கிடாய்கள் கைமாறின. கயிறு போன பிறகுதான் போனை எடுத்தேன். ஃபயாஸ் அனுப்பியிருந்தான்.

“யுவா, கோவப்படாத. மறுக்குறத தூக்கிட்டேன். சனிக்கிழமை டெமோக்கு இதான் செட் ஆகும்.”

லோடு ஆட்டோவின் பின்பலகையில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பக்கத்தில் யாரோ ஒரு பெண் விற்காத கோழிகளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அழுகிறேன் என்று நினைத்திருப்பாள். எனக்கு அழுகை வரவில்லை, காது சுட்டது.

சின்ன வயதில் எல்லோரும் டிவியில் பார்த்திருப்போம். பந்தை எறிந்து விநோதப் பிராணிகளைப் பிடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளும் ஆட்டம். அதன் மேல் இன்னமும் பைத்தியம் தெளியாத, போனிலேயே பழகிய மூன்று பேர் நாங்கள், அதுபோல ஒன்றை நாங்களே செய்துகொண்டிருந்தோம். ஃபயாஸ் பேகம்பூர்க்காரன், திண்டுக்கல் காலேஜில் இன்ஜினியரிங் படிக்கிறான், கம்ப்யூட்டர் கோடு எழுதுவது அவன் வேலை. பிரிட்டோ கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவன், இசை அவனுடையது. பிராணிகள் என்னுடையவை. ஜப்பான்காரர்களின் பிராணிகளை எடுத்துப் போட்டால் திருட்டு என்பதால் எல்லாவற்றையும் புதிதாகப் பிறப்பிக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் மிச்சமான கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வண்ணம் நிரப்பிப் பிறகு போனில் ஏற்றுவேன். முதலில் பூட்டாமை வந்தது. தொட்டால் காலை உள்ளே இழுத்துக்கொண்டு கிளிக்கென்று பூட்டிக்கொள்ளும், ஓடு முழுக்கப் பித்தளை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காற்றடிக்கும்போது சுழன்று எழும் வெங்காயத் தோலிலிருந்து சருகன் வந்தான். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றபோது காதைப் பிளந்த ஒரு சத்தத்திலிருந்து ஹாரன்தவளை. கடைசியாக, சீமைக்கருவேல முள்ளையே கொம்பாக வைத்திருக்கும் முள்ளாடு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அதற்கு முன்கால்கள் கிடையாது, கைகள் உண்டு.

கை ஏன் என்றால், எங்கள் ஆட்டத்தில் பந்து இல்லை. அதை நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. பின்னால் இருந்து ஒன்றை எறிந்து அடைத்துவிட்டு அதை நண்பன் என்று சொல்வது எப்படி? துண்டு போட்டுப் பேச வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். போன் திரையில் துண்டு விரியும். விரல்களை வைத்து அழுத்த வேண்டும். விரல் என்றால் காசு இல்லை, வாக்கு. ஒரு விரல் வைத்தால் தண்ணீர் தருவேன், இரண்டு வைத்தால் நிழலும் தருவேன், இப்படியே போய் ஐந்து விரலும் வைத்தால், நீ கேட்கும்போது விட்டுவிடுவேன் என்று அர்த்தம். பிராணியின் பதில் உள்ளங்கையில் அதிர்வாக வரும். குட்டிக் குட்டி அதிர்வென்றால் யோசிக்கிறது. ஒரே நீளமாக அதிர்ந்தால் அது கையை உருவிக்கொண்டது. போய்விடும். அந்த ஆட்டக்காரனின் கண்ணில் அது மறுபடி படாது. ஃபயாஸ் அன்றைக்கு இதைப் படித்துவிட்டு “யுவா, நீ ஆளே வேற” என்று போட்டிருந்தான். அந்த வரியை நான் இன்னும் அழிக்கவில்லை.

பதினொன்றாம் வகுப்பின் பாதியில் நான் நின்றுவிட்டேன். யாரும் நிறுத்தவில்லை, நானாகத்தான் நின்றேன். எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் எனக்குக் குரல் வராது. பதில் தெரியும், வாய் திறக்கும், காற்றுதான் வரும். ஒரு ஆசிரியை வருகைப் பதிவின்போதே என்னை ஊமைக்கோட்டான் என்று கூப்பிட ஆரம்பித்தார், வகுப்பு முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலையில் பையை மாட்டவில்லை, அவ்வளவுதான். அப்பாவுடன் சந்தைக்குப் போக ஆரம்பித்தேன். ஆடுகள் என்னை எதுவும் கேட்பதில்லை. ஃபயாஸும் பிரிட்டோவும் கூப்பிட்டுப் பேசும்போதுகூட நான் மைக்கை அணைத்தே வைத்திருப்பேன். அவர்கள் பேசுவார்கள், நான் டைப் செய்வேன். அவர்களைத் தவிர எனக்கு வேறு நண்பர்கள் இல்லை.

ஆட்டோவில் உட்கார்ந்தபடியே எழுதினேன். “மறுக்க முடியலன்னா என் பிராணிங்க அதுல இருக்க வேணாம்.”

“இங்க பாரு, ஒருதடவ போனா திரும்பி வராதுன்னா விளையாடுறவன் காண்டாயிடுவான். ஜட்ஜ் வேற வர்றாங்க. இப்ப போயிட்டுத் திரும்பி வர்ற மாதிரி வச்சிருக்கேன். அழுத்திக்கிட்டே இருந்தா கடைசில படிஞ்சிரும்.”

“அது மறுப்பே இல்ல.”

அதற்குப் பிரிட்டோ ஒரு அழும் பொம்மையைப் போட்டான்.  பிறகு ஃபயாஸிடமிருந்து வந்தது: “அம்புட்டு ரோஷம்னா சனிக்கிழமை நேர்ல வந்து சொல்லு. டைப் பண்ணாத. வாயத் தொறந்து சொல்லு. உன் பிராணிங்கள எடுத்துர்றேன்.”

நான் வரமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும்.

சனிக்கிழமை அப்பாவுக்குத் திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை ஒன்றுக்குக் கிடாய் இறக்க வேண்டியிருந்தது. இறக்கிவிட்டு அங்கேயே சாப்பிட்டோம், நானும் சாப்பிட்டேன், எலும்பைக்கூட விடவில்லை. கை கழுவிவிட்டு, காலேஜுக்குப் போக வேண்டும் என்று சொன்னேன்.

“காலேஜுல சேரப் போறியா?” அப்பாவின் முகம் ஒரு நொடி மலர்ந்துவிட்டது.

“இல்லப்பா. ஒருத்தன்கிட்ட சண்டை போடணும்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீயா?” என்றார். பிறகு வண்டியைத் திருப்பினார்.

ஃபயாஸின் காலேஜில், ஆட்டம் செய்பவர்களுக்கான போட்டி நடந்த பெரிய ஹால். மேசை மேசையாகக் கம்ப்யூட்டர்கள், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பையன்கள், ஃபேன் சத்தம். எங்கள் மேசையை நான் தூரத்திலேயே கண்டுபிடித்தேன், பின்னால் இருந்த பேனரில் என் பூட்டாமை என்னைவிடப் பெரிதாக நின்றது. ஃபயாஸ் நான் நினைத்ததைவிடக் குள்ளம். பிரிட்டோவுக்குத் தாடி. நான் போய் நின்றதும் இருவரும் யாரோ விளையாட வந்திருக்கிறார்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். என் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அதற்குள் அப்பா அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“எம்மவ யுவராணி. இங்கதான் யார்கூடயோ சண்டை இருக்காம்.”

பிரிட்டோ இருந்த இடத்திலேயே எழுந்து நின்றான். “டேய் ஃபயாஸு, முள்ளாட்டோட அம்மா வந்திருச்சுடா!” ஃபயாஸ் சிரிக்க முயன்றான், முடியவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் லேப்டாப்பை அப்பாவின் பக்கம் திருப்பினான். “நீங்க ஒரு தடவ ஆடிப் பாருங்க அங்கிள்.”

அப்பாவுக்குத் துண்டு உடனே புரிந்தது. “அட, நம்ம யாவாரம்!” லேப்டாப்பில் அதிர்வு கிடையாது, ஒன்றிலிருந்து ஐந்து வரை பட்டன்தான். அப்பா ஒன்றை அமுக்கினார். முள்ளாடு கையை உருவிக்கொண்டு நாலு எட்டு நடந்து திரும்பி வந்தது. மறுபடி ஒன்று. மறுபடி போய் மறுபடி வந்தது. அப்பா குஷியாகிவிட்டார். கடைசியில் இரண்டு விரலுக்கு முள்ளாடு தலையை ஆட்டிக்கொண்டு பின்னால் வந்து நின்றது. நான் வரைந்த கண்கள்தான். ஆனால் அதில் யாரும் இல்லை.

“ரெண்டு வெரலுக்கே படிஞ்சிருச்சே!” என்றார் அப்பா. “அச்சு அசல் சந்தை தம்பி. உருவிட்டுப் போறவன் திரும்பி வருவான். வராம எங்க போவான்?”

ஃபயாஸ் என்னைப் பார்த்தான். “கேட்டியா? உங்க அப்பாவே சொல்றாரு. நீ சொன்ன துண்டு முறை அவரு முறைதான? அதுலயே திரும்பி வரணும்னுதான் இருக்கு.”

அவன் சொன்னது சரிதான். அதை நானும் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள்தான், டீக்கடை வரை போய்த் திரும்பும் எத்தனையோ யாவாரிகளை. அப்பா ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். ரெண்டு மேசை தள்ளி ஜட்ஜுகள் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசாமல் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். என் பிராணிகள் பேனரில் இருக்கும், பிரிட்டோ பொம்மை போடுவான், ஃபயாஸ் “ஆளே வேற” என்பான். எதையும் இழக்க வேண்டாம். தொண்டையில் வழக்கமான அந்தக் காற்று ஏறியது. நான் அதைத் தள்ளினேன்.

“சந்தையில,” என்றேன். ரொம்பச் சத்தமாக வந்துவிட்டது. அடுத்த மேசைக்காரர்கள் திரும்பினார்கள். குறைக்கத் தெரியாமல் அதே சத்தத்தில் சொன்னேன். “சந்தையில துண்டுக்குள்ள இருக்குற ரெண்டு கையும் மனுசன் கைதான். திரும்பி வர்றது யாவாரி. ஆட்டுக்குக் கை இல்ல. அத ஒருத்தரும் எதுவும் கேக்கல. நான் அதுக்குக் கை வச்சிருக்கேன். எதுக்கு வச்சேன்? நீங்க சொல்றதுக்கெல்லாம் படியவா?”

அப்பாவின் சிரிப்பு நின்றது. தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“மைக்கே வேணாம் போல,” என்று பிரிட்டோ முணுமுணுத்தான்.

“உன்னோடத எடுத்துட்டா டெமோல புல்லும் கல்லும்தான் இருக்கும், யுவா,” என்றான் ஃபயாஸ். குரல் இறங்கியிருந்தது. “ரெண்டு வருஷம். என் தூக்கமும் அதுல இருக்கு.”

“தெரியும்ணே. புல்லும் கல்லும் நல்லாத்தான் இருக்கு. அதையே காட்டுங்க.” மறுப்பைத் தூக்குவதற்கு முந்தைய பழைய பில்டு என் போனில் இருந்தது. திறந்து லேப்டாப்பின் பக்கத்தில் வைத்தேன். “இல்லன்னா இதக் காட்டுங்க. வாயத் தொறந்து சொல்லச் சொன்னீங்க. சொல்லிட்டேன்.”

அவன் போனைத் தொடவில்லை. லேப்டாப்பின் மூடியில் கையை வைத்தான், மூடவும் இல்லை. அப்போது அப்பா எட்டி அந்தப் போனை எடுத்தார். யாரும் சொல்லாமலே தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையோடு சேர்த்து அதன் மேல் போட்டுக்கொண்டார். பழக்கம். துண்டுக்குள் கை போனதும் அவர் முகம் சந்தை முகமாகிவிட்டது.

“என்ன தம்பி, உங்க பக்கமெல்லாம் தண்ணி வருதா?”

“வருது அங்கிள். ஒருநாள் விட்டு ஒருநாள்,” என்றான் ஃபயாஸ், கண்ணைத் துண்டிலிருந்து எடுக்காமல்.

துண்டு லேசாக அசைந்தது. குட்டிக் குட்டியாக அதிர்வது எனக்குக் கேட்டது. அப்பா தண்ணீரைப் பற்றி இன்னும் ஏதோ சொன்னார். பிறகு நீளமாக ஒரே அதிர்வு. அப்பாவின் பேச்சு பாதியில் நின்றது. துண்டை விலக்கினார்.

முள்ளாடு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தது.

“வரும்,” என்றார் அப்பா.  ஜட்ஜுகளில் ஒரு அம்மா எங்கள் மேசைக்கு வந்து, அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அப்பா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஆடு சின்னதாகி, கொம்பு மட்டும் தெரிந்து, அதுவும் கருவேலங்காட்டுக்குள் மறைந்தது. திரையில் செம்மண் தரை கிடந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு வெங்காயச் சருகு காற்றில் உருண்டு, நின்று, மறுபடி உருண்டு போனது.