கண்ணாரக் கண்ட லுசேர்ன்

காலை ஒன்பது மணிக்குச் சிற்றம்பலத்தின் பாலம் எரிந்தது. உண்மையில் அது பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னரே எரிந்துவிட்டது. செய்திதான் இப்போது கொலோனில் அவருடைய குசினி மேசைக்கு வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தது ஒரு நாட்காட்டி. முந்தின நாள் மாலை லுசேர்னிலிருந்து ரயிலில் வந்திறங்கிய இன்னாசித்தம்பி, தான் சமையல் வேலை செய்யும் ஹோட்டலில் சும்மா கிடைத்த 2006ஆம் ஆண்டு நாட்காட்டியை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். அட்டையில் ஏரிக்கரை, கூரை போட்ட நீளமான மரப்பாலம், பக்கத்தில் கல்லுக் கோபுரம். கீழே பொடி எழுத்தில் ஜெர்மன். இன்னாசித்தம்பி குளியலறையில் இருந்தார். பதினோராம் வகுப்புப் படிக்கும் மகள் சாரங்கா பாண் துண்டைக் கடித்தபடி அந்தப் பொடி எழுத்தை வாசித்தாள்.

"அப்பா, இந்தப் பாலம் 1993இலை எரிஞ்சு போச்சாம். கூரைக்குள்ளை இருந்த பழைய படங்களிலை முக்கால்வாசி சாம்பலாம். அடுத்த வருசம் திருப்பிக் கட்டினவையாம்."

"எந்தப் பாலம்?"

"உங்கடை பாலம்தான்."

சிற்றம்பலம் தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாக வைத்தார். மூலையில் சென்னையிலிருந்து வந்த முந்நூறு பிரதிகள் கட்டுக் கட்டாக இருந்தன. 'கண்ணாரக் கண்ட லுசேர்ன்: ஏரிக்கரை நகரில் பார்க்கவும் செய்யவும் ஐம்பது.' அதன் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் அவர் இப்படி எழுதியிருந்தார்: '2003 ஏப்ரல் 19ஆம் நாள் அப்பாலத்தின் கூரையின்கீழ் நின்று, நூற்றுப்பதினொரு முக்கோண ஓவியங்களையும் ஒன்றுவிடாமல் எண்ணினேன். எண்ணி முடிக்கையில் கழுத்து நொந்தது. நெஞ்சு நிறைந்தது.'

கழுத்து நொந்தது மட்டும் உண்மை. அந்த ஏப்ரல் 19ஆம் நாள் அவர் இதே வீட்டின் படுக்கையறையில், ஜன்னலின் உறோலாடன் மறைப்பைக் கடைசிவரை இறக்கிவிட்டு, மேசை விளக்குக்குக் கீழே குனிந்திருந்தார். ஈஸ்டர் விடுமுறைக்கு லுசேர்ன் போவதாகத் தமிழ்ச்சங்கம் முழுக்கச் சொல்லிவிட்டு, நாலு நாள் வெளியே தலைகாட்டவில்லை. தொலைபேசி அடித்தால் மனைவி யோகம் எடுத்து, "அவர் சுவிசிலை" என்றாள். வீதியோரம் பழைய சாமான் எறியும் நாளில் ஓர் உடைந்த அலுமாரிக்குள் அவர் கண்டெடுத்த பயணக் கையேடுதான் அந்த நாலு நாளும் அவருக்கு வழிகாட்டி. 1986இல் அச்சானது. அதில் பாலம் எரியவில்லை.

நேரில் போயிருக்கலாமே என்றால், முடியாது. பதினைந்து வருடமாக அவருடைய சட்டைப்பையில் இருப்பது டுல்டுங் என்கிற மடித்த தாள். 'உன்னை இன்னும் திருப்பி அனுப்பவில்லை' என்பதைத் தவிர அது வேறொரு உரிமையும் தராது. இந்த மாநில எல்லையைத் தாண்டக்கூடாது என்றும் அதில் எழுதியிருந்தது. இதைச் சங்கத்தில் ஒருவருக்கும் அவர் சொன்னதில்லை. பாண் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறவருக்கு, சங்க மலரில் பயணக் கட்டுரையாக மாதம் ஒரு நாட்டைச் சுற்றிவருவதுதான் ஒரேயொரு கௌரவம். அந்தக் கௌரவத்துக்குத்தான் இன்று மூன்று மணிக்குப் பாடசாலை மண்டபத்தில், நூல் வெளியீட்டு விழாவில், நூற்றைம்பது பேருக்கு முன்னால், 'உலகம் சுற்றிய செம்மல்' என்று பட்டம் சூட்டப்போகிறார்கள்.

"இஞ்சாருங்கோ, அந்தப் பக்கத்தைக் கிழிச்சால் என்ன?" என்றாள் யோகம்.

"நாப்பத்திரண்டைக் கிழிச்சால் நாப்பத்தொண்டும் போகும். அதிலைதான் சிங்கத்தின்ரை சிலை."

"பிழைதிருத்தம் எண்டு ஒரு துண்டு வைக்கலாம் அப்பா," என்றாள் சாரங்கா. "'கண்டேன்' என்பதை 'காணவில்லை' எனத் திருத்தி வாசிக்கவும்."

"பகிடி விடாதை!"

"பகிடி இல்லை. நாலு நாள் உறோலாடனை இறக்கிப்போட்டு எங்களையும் இருட்டிலை வைச்சிருந்தனீங்கள். அதுதான் பகிடி."

சிற்றம்பலம் சங்கத் தலைவர் தியாகுவுக்குத் தொலைபேசி எடுத்தார். இன்னாசித்தம்பியின் ஆய்வுரையை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டார்.

"என்னண்ணை கதைக்கிறியள்? லுசேர்ன் வாசி வந்து லுசேர்ன் நூலை ஆய்வு செய்யிறார். அழைப்பிதழிலை அடிச்சாச்சு!" தியாகு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். அச்சில் வந்ததை அவரால் மாற்ற முடியாது. ஜெர்மனில் எதைக் கண்டாலும் உரத்து வாசித்துக் காட்டாமலும் இருக்க முடியாது. பால் பெட்டியைக் கொடுத்தாலும் கடைசி வரிவரை வாசிப்பார்.

மண்டபத்துக்குப் போகும் ட்ராமில், எதிரில் இருந்த இன்னாசித்தம்பியிடம் சிற்றம்பலம் ஆழம் பார்த்தார்.

"அங்கை போய் எத்தினை வருசம் எண்டு சொன்னனீங்கள்?"

"பத்து. தொண்ணூற்றைஞ்சிலை வந்தனான்."

"புத்தகம் வாசிச்சு முடிச்சாச்சே?"

"ஒரு சொல்லு விடேல்லை அண்ணை." இன்னாசித்தம்பி தன் கழுத்துப்பட்டியை இறுக்கினார். "நாப்பத்திரண்டாம் பக்கம்! அதுதான் என்ரை பேச்சு முழுக்க."

அவர் சிரித்தார். அது எந்த வகைச் சிரிப்பு என்று சிற்றம்பலத்துக்கு விளங்கவில்லை.

விழா வழக்கம்போல முக்கால் மணி நேரம் பிந்தி, வழக்கம்போல 'சரியாக மூன்று மணிக்கு' என்று சொல்லித் தொடங்கியது. மங்கள விளக்கு, வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை, தலைமையுரை. தலைமையுரையில் தியாகு நூலாசிரியரைக் 'கடல்கடந்தவர்' என்று ஆறு தடவை சொன்னார். முன்வரிசையில் யோகம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். மேடையில் சிற்றம்பலம் தன் முன்னால் இருந்த தண்ணீர்க் கிளாசைப் பார்த்தபடி, மயங்கி விழுவதென்றால் எந்தப் பக்கம் விழுவது என்று யோசித்தார்.

இன்னாசித்தம்பி எழுந்தார். புத்தகத்தை விரித்தார். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் சிவப்புத் துண்டு வைத்திருந்தார். முழுப் பந்தியையும் வாசித்தார். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, சபையைப் பார்த்து நின்றார்.

சிற்றம்பலம் இடப்பக்கமே விழுவதென்று முடிவு செய்தார்.

"இதை வாசிச்ச உடனை நான் அழுதனான்," என்றார் இன்னாசித்தம்பி. "பத்து வருசமாய் நாளுக்கு இரண்டு தரம் அந்தப் பாலத்தாலை வேலைக்குப் போய்வாறன். அந்த நூற்றுப்பதினொரு படமும் எனக்குப் பிள்ளையள் மாதிரி. அதுகளை இவ்வளவு அச்சொட்டாய் ஆரும் எழுதேல்லை. இவர் வந்து பாத்தவர் இல்லை, வாழ்ந்து பாத்தவர்!"

கைதட்டல் எழுந்தது. சிற்றம்பலம் இன்னாசித்தம்பியை அண்ணாந்து பார்த்தார். பகிடியா? வஞ்சகமா? அந்த முகத்தில் இரண்டும் இல்லை. ஒரு துளி வியர்வை மட்டும் காதோரம் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது நாலாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. மீரா என்ற இளம் பெண். சென்னைக்காரி, எர்லாங்கனில் மென்பொருள் வேலை, கொலோனில் தோழி வீட்டுக்கு வந்த இடத்தில் அங்கே சாப்பிடத் தரும் ரோல்ஸ் நன்றாக இருக்குமென்று யாரோ சொன்னதால் விழாவுக்கும் வந்துவிட்டவள்.

"சார், ஒரு சின்ன டவுட். போன மாசம் சுவிஸ் விசா வாங்கிட்டுத்தான் போயிட்டு வந்தேன். அந்தப் பெயிண்டிங்ஸ் நிறைய எரிஞ்சு போச்சுன்னு போர்டே வச்சிருக்காங்களே? தொண்ணூத்தி மூணுலயே. இவர் எப்படி ரெண்டாயிரத்து மூணுல நூத்திப் பதினொண்ணு எண்ணினார்?"

யோகத்தின் கையில் சேலைத் தலைப்பு நின்றது. சிற்றம்பலம் வாயைத் திறந்தார்.

இன்னாசித்தம்பி ஒலிவாங்கியை இறுகப் பிடித்தார். "பிள்ளை, நீர் எத்தினை நாள் நிண்டனீர்?"

"ரெண்டு நாள் சார்."

"நான் பத்து வருசம். எரிஞ்ச பாலத்தாலை பத்து வருசம் நடக்கலாமோ? நடந்தால் கால் சுடாதோ?"

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. "போட்டோ இருக்கு சார், கேமராலயே இருக்கு," என்று மீரா சொன்னது சிரிப்புக்குள் போய்விட்டது. பின்னால் ஒருவர், "இரும் பிள்ளை, ரோல்ஸ் வருது," என்றார். அவள் முகம் சிவந்து உட்கார்ந்தாள்.

தியாகு நேரத்தை வீணாக்கவில்லை. பொன்னாடை வந்தது, மாலை வந்தது, 'உலகம் சுற்றிய செம்மல்' என்று சட்டம் போட்ட பட்டயம் வந்தது. எல்லாம் முடிந்து ஏற்புரைக்கு அழைத்தார்கள். பிழைத்தாயிற்று. நாலு வரி நன்றி சொல்லிவிட்டு இறங்கினால் போதும்.

சிற்றம்பலம் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றார். நாலாம் வரிசையில் அந்தப் பிள்ளை தலையைக் குனிந்து கமெராப் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் சாரங்கா தலையைக் குனியவில்லை. நேரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளை சொன்னது சரி," என்றார். "நான் லுசேர்னுக்குப் போகேல்லை. ஒரு நாளும் போகேல்லை. ஒண்டையும் காணேல்லை. இந்தப் பட்டத்துக்கு நான் தகுதி இல்லாத ஆள்."

அடுத்த கணம் மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

தமிழ் விழாவில் ஏற்புரை சொல்ல வருகிறவர் தன்னைத் தகுதியற்றவன் என்று சொல்லாமல் விட்டதில்லை. போன வருடம் நாலு நூல் எழுதிய ஒருவர் தனக்கு எழுதப் படிக்கவே தெரியாது என்றிருந்தார். ஆனால் இந்த அளவுக்கு ஒருவரும் போனதில்லை.

"என்ன அவையடக்கம்!" தியாகு கண்ணைத் துடைத்தார். "போன இடத்தையே போகேல்லை எண்டு சொல்லுற பெருந்தன்மை!"

"இல்லைத் தியாகு, உண்மையாய்த்தான்—"

"போதும் அண்ணை, இதுக்கு மேலை எங்களாலை தாங்க ஏலாது." ஒலிவாங்கி தியாகுவின் கைக்குப் போய்விட்டது. "சபையோரே! வாற ஈஸ்டருக்குச் சங்கம் லுசேர்னுக்குப் பஸ் விடுகுது. ஐம்பத்திரண்டு இருக்கை. வழிகாட்டி எங்கடை செம்மல்! பெயர் குடுக்கிறவை தேத்தண்ணி மேசைக்கு வாங்கோ!"

ஆட்கள் எழுந்து ஓடினார்கள். பொய் சொன்னபோது நம்பியவர்கள் உண்மை சொன்னபோது பஸ் பிடித்துவிட்டார்கள். சிற்றம்பலம் பொன்னாடையோடு மேடையிலிருந்து இறங்கி நேரே மீராவிடம் போனார்.

"பிள்ளை, நீர் சொன்னது சரி. அவை சிரிச்சதுக்கு என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க நிஜமாவே போகலையா சார்?"

"இல்லை."

அவள் கமெராவை எடுத்தாள். தீப்பெட்டி அளவுத் திரையில் பாலத்தின் உட்கூரை. ஒரு முக்கோண ஓவியம். பிறகு வெறும் மரச்சட்டம். பிறகும் வெறும் மரச்சட்டம். சிற்றம்பலம் திரையைக் கண்ணருகே பிடித்தார். அவருக்கு இப்போது உண்மையாகவே கழுத்து நொந்தது.

தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். இன்னாசித்தம்பி.

"இதுவோ மேலை கிடக்கிறது?" என்றார் மெதுவாக. "சத்தியமாய் அண்ணை, நான் அந்தப் பாலத்தாலைதான் போறனான். விடியக் கீழை பாத்துக்கொண்டு ஓடுவன், வேலைக்குப் பிந்தினால் பேச்சு விழும். வரேக்கை கால் உழைவு. நிமிந்து பாத்ததே இல்லை. உங்கடை புத்தகத்திலைதான் படம் இருக்கெண்டே அறிஞ்சனான். அதுதான் அழுதனான்."

"அப்ப ஏன் இந்தப் பிள்ளையை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"லுசேர்ன் வாசி எண்டு அழைப்பிதழிலை அடிச்சுப்போட்டாங்களே!"

மீராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகுதான் அவள் முகத்திலிருந்து சிவப்பு இறங்கியது.

தேத்தண்ணி மேசையிலிருந்து தியாகு கூப்பிட்டார். "செம்மல் அண்ணை! நாப்பத்தொன்பது பேர் சேர்ந்திட்டினம். முதல் வரி உங்களுக்கு விட்டிருக்கிறன். கடவுச்சீட்டு இலக்கத்தைச் சொல்லுங்கோ."

மேசையைச் சுற்றி முப்பது பேராவது நின்றார்கள். யோகம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கணவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "குடுங்கோ," என்றாள். "இனியும் என்னாலை இருட்டிலை சமைக்க ஏலாது."

சிற்றம்பலம் பொன்னாடைக்குள் கையை விட்டு, சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்தார். மடிப்புகள் தேய்ந்து அது நாலு துண்டாகப் போகும் நிலையில் இருந்தது. விரித்து, ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

தியாகு ஜெர்மன் எழுத்தைக் கண்டார். கண்டதும் வழக்கம்போல உரத்த குரலில் வாசித்து, கூட்டத்துக்காகத் தமிழிலும் சொல்லத் தொடங்கினார்: "நாடுகடத்தல் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. இத்தாள் உடையவர் நோர்ட்ரைன்வெஸ்ட்பாலன் மாநிலத்துக்கு வெளியே—"

நீதிமன்றத்தில் ஆயிரம் தடவை வாசித்த வரி. வாய் தானாகவே ஓடி, பாதியில் தான் யாருடைய தாளை வாசிக்கிறோம் என்று கண்டு நின்றது. மேசையைச் சுற்றி ஒருவரும் கைதட்டவில்லை.

தியாகு தாளை மடிக்கப் பார்த்தார். எந்த மடிப்பு முதல் என்று அவருக்குத் தெரியவில்லை. சிற்றம்பலமே வாங்கி மடித்தார்.

"அப்ப அந்த ஈஸ்டருக்கு..." என்றார் தியாகு. ஒலிவாங்கி இல்லாமல் அவர் குரல் எவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

"வீட்டிலைதான். படுக்கையறையிலை."

தியாகு பேனாவை எடுத்து முதல் வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னாசித்தம்பியை நிமிர்ந்து பார்த்தார். இன்னாசித்தம்பி ரோல்ஸ் ஒன்றை எடுத்து வாய் நிறைய வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி," என்று மீராவைப் பார்த்து இழுத்தார் தியாகு, "ஈஸ்டருக்கு உமக்கு லீவு கிடைக்குமோ?"