இரண்டு கேள்வி, ஒரு பதில்

"என்ன குடிக்கிறே? டீயா, மைலோவா? மழை வேற வருது, பஸ்ஸை இன்னும் காணோம். குடை கொண்டாந்தியா?"

"குடை இருக்கு. எனக்கு..."

"அங்கிள், ரெண்டு மைலோ!"

கிள்ளான் பேருந்து நிலையத்துக் கடையில் ஜெயராஜும் ரமணியும் முதன்முதலாகச் சேர்ந்து உட்கார்ந்தபோது பேசிக்கொண்டது இது. ரமணிக்கு மைலோ பிடிக்காது. இரண்டு வருடமாக அவனுக்காக அதைக் குடித்துவருகிறாள்.

ஷா ஆலாம் தொழிற்சாலையின் சோதனை அறையில் அவன் பக்கத்தில் நின்றபோது ரமணிக்கு அந்த நாள் ஏனோ நினைவுக்கு வந்தது. இன்று சாயங்காலம் சிரம்பானிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பிரிக்பீல்ட்ஸிலுள்ள அவள் வீட்டுக்கு வருகிறார்கள். ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற அவள் அப்பா தியாகராசா வாக்குக் கொடுத்துவிடுவார். கொடுத்த வாக்கை அவர் மாற்றியதே இல்லை. பண்டமாரான் லோரிக்காரர் மகனான ஜெயராஜை அவர் எப்படிப் பார்ப்பாரோ என்ற பயத்தில் இருவருமே அவரிடம் சொல்வதை இதுவரை தள்ளிப்போட்டுவிட்டார்கள். இனித் தள்ளிப்போட நாள் இல்லை. காலையிலிருந்து எத்தனையோ தடவை வாயெடுத்துப் பார்த்துவிட்டாள்.

அவனோ இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். சரக்கு வாங்குகிறவர்கள் மதியம் வந்து சோதனையைப் பார்க்கப் போகிறார்கள். கணினி கட்டளை அனுப்பினால், மின் அளவுகளைக் காட்டும் மல்ட்டிமீட்டர் அளந்து எண்ணைத் திருப்பித் தர வேண்டும். ஆனால் திரையில் வோல்டேஜ் கட்டத்தில் ரெசிஸ்டன்ஸ் எண் வந்து விழுந்தது. அடுத்த கட்டம் காலியாக நிற்க, கணினி அப்படியே உறைந்தது.

ஜெயராஜ் மீட்டரின் பொத்தான்களைப் படபடவென்று அமுக்கினான். அது அசையவில்லை.

"கம்ப்யூட்டர் பிடியில இருக்கும்போது பட்டன் வேலை செய்யாது லா."

"தெரியும் லா. கோவத்துல அமுக்குறேன்."

சூப்பர்வைசர் கன்னையா கதவைத் திறந்து தலையை நீட்டினார். "தம்பி, சுபாங்லேருந்து அவங்க வர்ற வேன் கிளம்பிருச்சு. மெஷின் பேசலைன்னா நீயே நின்னு நம்பர் சொல்லிரு. நீதான் வாயை மூடுறதே இல்லையே!"

கதவு மூடியது. ஜெயராஜ் சிரிக்கவில்லை. ரமணி குனிந்து திரையில் நிரலின் பச்சை எழுத்துகளைப் படித்தாள்.

"நேத்து என்ன மாத்துனீங்க?"

"ஸ்பீடா ஓடட்டும்னு ரெண்டு கேள்வியையும் ஒண்ணா அனுப்பிட்டேன். அப்புறமா ரெண்டு பதிலையும் எடுத்துக்கலாம்னு..."

"அதான் கோளாறு. இந்த மீட்டர் ஒரு பதிலைத்தான் கையில வச்சிருக்கும். அதை எடுக்கறதுக்கு முன்னாடி அடுத்த கேள்வி போனா, பழைய பதிலைத் தூக்கிப் போட்டுட்டு புதுசை அளக்கப் போயிரும். இல்லாத ரெண்டாவது பதிலுக்குக் கம்ப்யூட்டர் காத்துக் கிடக்குது."

நிரலில் ஒரு வரியை அவன் மேலே நகர்த்தினான். ஒரு கேள்வி, உடனே அதன் பதில், பிறகுதான் அடுத்தது. விசையைத் தட்டினான். எண்கள் தத்தம் கட்டத்தில் வந்து நின்றன. மறுபடி ஓட்டினான். மறுபடியும் சரி.

"அப்பாடா! ரமணி, காலையில ஏதோ சொல்ல வந்தியே, என்னது? சாப்பிட்டியா நீ? வேன் எங்க வருதுன்னு..."

அவன் பார்வை திரைக்குப் போனது. பாதியில் நிறுத்தினான்.

"நான் எப்பவும் இப்படித்தான் கேக்கறேன், இல்ல?"

அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான்.

"சொல்லு. நான் பேசல."

வெளியே வேன் நிற்கும் சத்தம் கேட்டது. "ஜெயராஜ்! வந்துட்டாங்கப்பா!" என்று கன்னையா குரல் கொடுத்தார். ஜெயராஜின் வாய் திறந்தது. பல்லைக் கடித்து மூடிக்கொண்டான். அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நடைபாதையில் காலடிகள் நெருங்கின.

"எனக்கு மைலோ பிடிக்காது," என்றாள்.

அவன் புருவம் உயர்ந்தது. அப்போதும் அவன் பேசவில்லை.

"இன்னைக்கு சாயங்காலம் சிரம்பான்லேருந்து என்னைப் பொண்ணு கேட்டு வர்றாங்க. அவங்களுக்கு முன்னாடி நீங்க எங்க வீட்டுக்கு வாங்க. எங்கப்பாகிட்ட என்னைக் கேளுங்க."