ஏழாம் நம்பர் மட்டையின் உறை

அன்று மதியம் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: ஒரத்தநாட்டில் அரிசி ஆலை வைத்திருக்கும் அடைக்கலராஜ் ஆகிய நான், என் மனைவி அருள்மேரி, மகள் ஷீபா, என் தம்பி ஜோஸ்வா, சீர்காழியிலிருந்து வந்திருந்த சம்பந்தி துரைராசு, அவர் மனைவி ஞானப்பூ, அவர்கள் மகன் ஆல்பின். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அங்கே இல்லாதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லலாம் என்று. அன்று காலையில் இரண்டாம் ஓலை ஆகியிருந்தது. ஓலை வாசித்த பிறகு நின்றுபோன கல்யாணம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. என் அப்பா காலத்திலும் கிடையாது.

ஷீபாவும் ஆல்பினும் பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள். கோல்ஃப் மைதானத்தில் பழகியவர்கள். ஷீபா ஊருக்கு வரும்போதும் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டுதான் வருவாள். குறுவை அறுத்த வயலில் நின்று பந்தடிப்பாள். பஸ்ஸில் பை குலுங்கும்போது இரும்புத் தலை மட்டைகள் ஒன்றோடொன்று மோதி வடுப்படுகின்றன என்று ஒருமுறை அம்மாவிடம் சொன்னாள். அவ்வளவுதான், அருள்மேரி தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் வீட்டில் டிவிக்கு உறை உண்டு, மிக்ஸிக்கு உண்டு, ரிமோட்டுக்கும் உண்டு. முன்னறைத் திரைச்சீலைக்கு வாங்கியதில் மிஞ்சிய பச்சை வெல்வெட்டில் ஒவ்வொரு மட்டைக்கும் ஓர் உறை தைத்து, வெள்ளை நூலில் அதனதன் நம்பரையும் போட்டுக் கொடுத்தாள்.

சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்தபோது, மூலையில் இருந்த பையை ஆல்பின் இழுத்துத் திறந்தான். உடனே சிரித்துவிட்டான்.

"என்ன ஷீபா இது, எல்லாம் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நிக்குது!"

ஞானப்பூ அம்மாள் எட்டிப் பார்த்தார். உறையைப் பார்த்தார், பிறகு ஜன்னல் திரைச்சீலையைப் பார்த்தார். எனக்குக் காது சூடேறியது.

ஜோஸ்வா சும்மா இருக்கமாட்டான். "இது உறை போடற வீடு மாப்பிள்ளை. எங்க அண்ணன் வாய்க்கு மட்டுந்தான் அண்ணி இன்னும் தைக்கலை" என்றான். துரைராசு தொடையில் தட்டிச் சிரித்தார்.

ஆல்பின் நல்ல பையன்தான். பொறுமையாக விளக்கினான். "இல்ல மாமா, பெரிய தலை இருக்கற மட்டைக்கு எல்லாரும் உறை போடுவாங்க. இந்த இரும்பு மட்டைக்கு, அயர்னுக்கு, போட மாட்டாங்க. போட்டா, புதுசா ஆட வந்தவன்னு கிளப்புல ஓட்டித் தள்ளிருவாங்க."

"வடுப்படுதே" என்றாள் ஷீபா.

"படட்டும். அயர்ன்னா அடி வாங்கத்தானே?"

"அப்ப பெரிய மட்டை அடி வாங்கலையா? அதுக்கு மட்டும் ஏன் உறை?"

"அது வேற."

"எப்படி வேற?"

"அது எல்லாரும் போடறது."

ஷீபா என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். சம்பந்தி முன்னால் மட்டையைப் பற்றி நான் என்ன வழக்காடுவது?

அடுத்த மாதம் ஊட்டியில் அவன் கம்பெனி நடத்தும் ஆட்டம் இருக்கிறதாம். தம்பதியாகப் போய் ஆட வேண்டுமாம். அவன் மேலதிகாரிகளும் வருகிறார்களாம். "அங்க மட்டும் இது வேணாம், ப்ளீஸ்" என்று சொல்லியபடியே நாலைந்து உறைகளை உருவி சோபாவில் போட்டான். அருள்மேரியிடம் திரும்பி, "தப்பா எடுத்துக்காதீங்க அத்தை. தையல் பிரமாதமா இருக்கு" என்றான். அருள்மேரி சிரித்துக்கொண்டே அவற்றைப் பொறுக்கி மடியில் வைத்து நீவிவிட்டாள்.

"அங்க யாரு சிரிப்பாங்க?" என்றாள் ஷீபா.

"எல்லாருந்தான்."

"நீங்க?"

"நானும் சேர்ந்து சிரிச்சிருவேன்" என்றான், விளையாட்டாக. "அப்பத்தான என்னைப் பாத்துச் சிரிக்கமாட்டாங்க!"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஷீபா எழுந்துபோய் அம்மா மடியிலிருந்த உறைகளை எடுத்து வந்து, ஒவ்வொன்றாக நம்பர் பார்த்து மட்டைகளில் மாட்டத் தொடங்கினாள்.

விஷயம் பெரிதாகிவிடக் கூடாது என்று நானே எழுந்தேன். ஏழாம் நம்பர் மட்டையின் உறையைக் கழற்றினேன். "அதான் மாப்பிள்ளை சொல்றாருல்ல. எடுத்து உள்ள வை."

"குடுங்கப்பா" என்று கையை நீட்டினாள். குரல் உயரவில்லை.

அதட்டியிருக்கலாம். ஆலையில் நான் குரல் கொடுத்தால் மெஷின் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும். ஆனால் நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. உறையைக் கொடுத்துவிட்டேன். வாங்கி மாட்டிவிட்டுப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"பிடிவாதம் அப்படியே சம்பந்தி மாதிரி" என்று துரைராசு சமாளித்தார். காப்பி வந்தது. சிரித்த முகமாகத்தான் காரில் ஏறினார்கள்.

கார் தெரு முனை திரும்பியதும் ஷீபா சொன்னாள். "மூணாவது ஓலை வேணாம்பா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் என்னென்னவோ சொன்னேன். ஒரு துணி உறைக்கா கல்யாணத்தை நிறுத்துவது என்றேன். அந்தப் பையனிடம் குடி உண்டா, பொய் உண்டா என்றேன்.

"உறைக்கு இல்லப்பா. நாலு பேர் என்னைப் பாத்துச் சிரிச்சா அவரும் அவங்க பக்கம் போய் நிப்பேங்கறார். அதையும் சிரிச்சுக்கிட்டே சொல்றார்."

"விளையாட்டுக்குச் சொன்னாரும்மா."

"ஆமா. அதனாலதான் உள்ள இருக்கறது வெளிய வந்துச்சு."

"ரெண்டு ஓலை ஆயிருச்சு. ஊரே கேட்டிருக்கு."

"எதுக்குப்பா மூணு தடவை வாசிக்கறாங்க? தடை இருந்தா வந்து சொல்லத்தான? எனக்கு இருக்கு."

அருள்மேரியைப் பார்த்தேன், ஏதாவது சொல்வாள் என்று. அவள் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஜோஸ்வா, "அண்ணே, ஆறப் போடுங்க" என்றான். ஆறவில்லை. மறுநாள் காலை ஷீபா தானே ஸ்கூட்டரில் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனாள். நான் வாசல் கேட்டில் கை வைத்துக்கொண்டு நின்றேன். பூட்டவும் இல்லை, திறந்துவிடவும் இல்லை. அவளே திறந்துகொண்டு போனாள். அன்றே ஆல்பினுக்கும் போனில் சொல்லிவிட்டாள்.

துரைராசு போன் செய்தார். "என்ன சம்பந்தி இது?" என்றார். சம்பந்தி என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுவே கடைசி. வாக்குக் கொடுத்தது நான். அதைக் காப்பாற்றுவது என் கையில் இல்லை என்று ஒரு மனிதனிடம் எப்படிச் சொல்வது?

மூன்றாம் ஞாயிறு வழக்கமான இடத்தில், வழக்கமான வெள்ளை வேட்டியில் உட்கார்ந்தேன். வேறு இரண்டு வீட்டு ஓலையை வாசித்துவிட்டு சாமியார் தாளை மடித்தார். முன்வரிசையில் தலைகள் திரும்பின. நான் பீடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷீபா என் பக்கத்தில் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பாடினாள். அவள் செய்தது சரி என்று எனக்கு இன்றுவரை படவில்லை. தவறென்று அவளிடம் நிரூபிக்கவும் முடியவில்லை.

பெண் மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போவது பிடிக்காமல் சீர்காழிக்காரர்கள் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள் என்று ஒரத்தநாட்டிலும் தஞ்சாவூரிலும் பேச்சு. அது தவறு. அவர்கள் நிறுத்தவில்லை. நிறுத்தியது என் மகள் ஷீபா.