மூன்று கிளாஸ்

...இல்லை, இன்றைக்கும் இல்லை, பியரில் போடும் ஹாப்ஸ் பூவை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தான், மஞ்சள் தூள் பிசுபிசுவென்று ஒட்டியது, மூக்கருகே கொண்டுபோனான், குளிர்ச்சி தெரிந்தது, மணம் இல்லை, பம்பளிமாஸ் தோலைக் கிள்ளினால் எழும் அந்த மணம், அதை நம்பித்தானே ஆர்லன் வேலையை விட்டுப் பியர் காய்ச்ச வந்தான், பூனை மூத்திரம்யா இது, கசப்புக்கு மட்டும் போடு, மணத்துக்கு ஜெர்மன் ஹாப்ஸ் வாங்கு என்று பெரிய ஆலைக்காரர்கள் சிரித்தார்கள், இவன் கொதி அடங்கும் நேரத்தில் இந்த ஊர்ப் பூவைக் கூடை கூடையாகக் கொட்டினான்... இப்போது கலிபோர்னியாவில் ஆறு பேர் அதைக் குடித்துவிட்டுத் தாங்களும் அப்படிக் காய்ச்சத் தொட்டி வாங்கியிருக்கிறார்கள், ஒரேகானிலிருந்து வந்த ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு முன்னாடி நான் குடிச்சதெல்லாம் என்னதுண்ணே?" என்று கேட்டான். அந்த பியர் மூன்று மாதமாக ஆர்லனுக்குக் கசப்புத் தண்ணீர். பிப்ரவரிக் காய்ச்சல், அவனும் மனைவி நோரீனும் ஒரே வாரம் படுத்தார்கள், ஒரே போர்வை, ஒரே சூப், எழுந்தபோது காப்பி வெந்நீராக இருந்தது, சளி போனால் சரியாகிவிடும் என்று நினைத்தான், சளி போய்விட்டது, நோரீனிடம் எப்படிச் சொல்வது, அவன் மூக்கை நம்பித்தானே அவளும் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்தாள்...

"மூக்கு ராஜா, வர்றியா, இல்ல பல்லக்கு அனுப்பணுமா?"

குளிர் அறையில் நோரீன் மூன்று கிளாஸ் வைத்திருந்தாள், இரண்டில் போன வருஷத்து நல்ல பியர், ஒன்றில் புதியது, அறுபத்தொன்றாம் தொட்டி, அடியில் ஒட்டிய சீட்டு அவளுக்கும் தெரியாதபடி கண்ணை மூடிக்கொண்டு வட்டத் தட்டைச் சுழற்றினாள், இருவரும் குடித்துப் பார்த்து மூன்றில் எது வேறு என்று கண்டுபிடித்தால் புதியது கெட்டது, சாக்கடைக்குப் போகும், கண்டுபிடிக்க முடியாவிட்டால் புதியது பழையதேதான், பாட்டிலுக்குப் போகும். இந்த விதியை எழுதியவன் அவனே. வித்தியாசம் தெரியாததுதான் வெற்றி. மூன்று மாதமாக ஒவ்வொரு தொட்டியும் வெற்றி, ஆர்லன் கிளாஸை முகர்வான், கண்ணை மூடுவான், தெரியல என்பான், அது பொய்யில்லை, அதுதான் கொடுமை, ஒரு பொய்கூடச் சொல்லாமல் பதினொரு தொட்டியை அனுப்பிவிட்டான்... சட்டைப்பையில் கடிதம் உறுத்தியது, நகரத்து மதுக்கடைக்காரர், முதல் பீப்பாயிலிருந்து கூட இருப்பவர், 'இந்தத் தடவை வெண்ணெய் போட்ட சோளப்பொரி வாடை வருது, உன் மூக்குக்குத் தப்பியிருக்காது, எனக்குத்தான் வயசாகுது போல.' வெண்ணெய் வாடை, ஈஸ்ட் வேலையை முடிப்பதற்குள் அவசரப்பட்டால் வருவது, அது இருந்தால் நாக்கில் வழுக்கும், நாக்காலாவது பிடித்துவிடலாம், முதல் கிளாஸ்... வழுக்கியதா, எச்சிலா, இரண்டாவது, மூன்றாவது, நுரை மூன்றிலும் ஒரே உயரம், நாய்கூட இதைச் செய்யும், தெருவில் போகிற எந்த நாயும்.

அடுத்த அறையில் பாட்டிலில் பியர் நிரப்பும் பழைய சோடா எந்திரம் சூடாகிக் கடகடத்தது. தெரியல என்றால் பாட்டில் ஓடும். சொல்லிவிடு, இப்போதே சொல்லு, நோரீன், எனக்கு மூக்கு செத்துப்போச்சு, ஆறு வார்த்தைகூட இல்லை...

நோரீன் நோட்டைத் திறந்து பென்சிலைப் பிடித்தபடி அவன் வாயைப் பார்த்தாள். கிளாஸைப் பார்க்கவில்லை.

"சொல்லு."

"நீ முதல்ல சொல்லு," என்றான், எதற்கென்று தெரியாமல்.

"நானா? ராஜா இருக்கறப்ப சேவகிக்கு என்ன வாய்?" சிரித்தாள். பென்சில் நகரவில்லை.

நோட்டை வாங்கித் திருப்பினான், அறுபது, ஐம்பத்தொன்பது, அவன் தெரியல, அவள் தெரியல, பக்கம் பக்கமாக, பிப்ரவரிக்கு முன்னால் இப்படியில்லை, இரண்டாவதுதான் என்பாள், மூன்றாவது என்பான், உன் மூக்கை மாட்டுக்கு வைக்கலாம் என்று ஓரத்தில் கிறுக்குவாள், மதியச் சாப்பாடுவரை சண்டை ஓயாது... பிப்ரவரிக்குப் பிறகு ஒரு சண்டையும் இல்லை, இத்தனை வருஷம் கழித்து நம் கல்யாணம் கனிந்துவிட்டது என்று அவன் உள்ளூரச் சந்தோஷப்பட்டிருந்தான், போன ஞாயிற்றுக்கிழமை ரொட்டி கரிந்து புகை கூரையைத் தொட்டபோது அவள் அடுப்புப் பக்கத்திலேயே நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள், என்மேல் ஏதோ கோபம் என்றுதானே நினைத்தான், புகையை அவன் கண்ணால்தானே பார்த்தான்... ஒரே போர்வை, ஒரே சூப், அப்படியானால் அவளுக்கும்...

"என்ன, சொல்ல மாட்டியா?" என்றாள். குரல் மெலிந்திருந்தது. "எந்திரம் சூடாயிடுச்சு, ஆர்லன்."