அம்மாவுக்கு நான் செய்த பல்செட்

எந்த வேலைக்கு அறிவு அதிகம் வேண்டும் என்று எங்கள் வீட்டில் பேச்சு எழுந்தால், அதை எழுப்பியது நானாகத்தான் இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியமும் நான்தான். அண்ணன் சாப்பிட்ட கையைக் கழுவக்கூட எழுந்திருக்கவில்லை, நான் ஆரம்பித்துவிட்டேன்.

எனக்குப் பல் செய்யும் வேலை. பல் டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்புவார். அதை வைத்து லேபில் கேப்பு, பல்செட் எல்லாம் செய்து கொடுப்பது நான். அண்ணன் பிளம்பர். அவன் என்னைப் பல்லழகி என்பான், நான் அவனைக் குழாயடி என்பேன்.

"உன் வேலைக்கு என்ன தெரியணும்? தண்ணி மேலேருந்து கீழ வரும். முடிஞ்சுது. எனக்கு எலும்பு தெரியணும், ஈறு தெரியணும், உலோகம், பீங்கான், நிறம்... வெள்ளையிலயே எத்தனை வெள்ளை இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"அந்தத் தண்ணி கீழேருந்து மேல வர்ற அன்னிக்கு உன் பீங்கானை வச்சு அடைச்சுக்கோ" என்றான்.

சிரித்தோம். அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"நம்ம வீட்டுலயே அறிவே தேவைப்படாத வேலை அம்மாவோடதுதான்" என்றேன். "எழுதிக் குடுத்ததப் பாத்துப் படிக்கணும். அவ்ளோதான்."

அம்மா பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த பஸ் எந்த மேடையிலிருந்து கிளம்பும் என்று மைக்கில் சொல்வது அவள்தான். அன்றும் டியூட்டிக்குப் போயிருந்தாள்.

அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டான். "அம்மா இப்ப மைக்குல பேசறதில்ல. உனக்குத் தெரியாதா?"

"என்ன உளர்ற?"

"நேத்து அங்க பம்பு ரிப்பேருக்குப் போனேன். வேற யாரோ ஒரு பொண்ணு பேசிட்டிருக்கு. அம்மா பின்னாடி ரூம்ல உக்காந்து, ஜனங்க மறந்துட்டுப் போன பைக்கும் குடைக்கும் நம்பர் ஒட்டிட்டிருக்காங்க. என்னம்மான்னு கேட்டா, குரல் போயிடுச்சுடா, வயசாகுதில்ல, பல்லழகிகிட்ட மட்டும் சொல்லிடாதேன்னாங்க. நான் ஒரு ஓட்டவாய்."

குரல் போனதை என்னிடம் ஏன் மறைக்க வேண்டும்? அதுவும் 'மட்டும்' என்று சொல்லி? எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நிமிடமே காரணம் விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

அம்மா வாயில் இருப்பது நான் செய்த பல்செட். போன மாதம் செய்தது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் எந்த உயரத்தில் சேர வேண்டும் என்று டாக்டர் மெழுகில் குறித்து அனுப்பினார். நான் மெழுகில் பல்லை நிறுத்திக் கொடுத்தேன். டாக்டர் அதை அம்மா வாயில் வைத்துப் பார்த்து, சரி என்று திருப்பி அனுப்பினார். அதற்கப்புறம், யாரிடமும் சொல்லாமல், நான் அதை இரண்டு மில்லிமீட்டர் உயர்த்தினேன். உயரம் கூடினால் கன்னம் நிமிர்ந்துகொள்ளும், வாயோரச் சுருக்கம் மறையும். அம்மாவுக்குப் பத்து வயது குறைந்துவிடும். குறையத்தான் செய்தது. வீட்டிலேயே நானே மாட்டிவிட்டு "சிரிம்மா" என்றேன். சிரித்தாள். போட்டோ எடுத்து, சித்தி, மாமா, அத்தை என்று ஒருவரை விடாமல் அனுப்பினேன். பாராட்டு வந்து குவிந்தது, நானும் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

ஆனால் உயரம் கூடினால் 'ச' சொல்லும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் முட்டும். டக் டக் என்று சத்தம் வரும். தொழில் கற்கும்போதே சொல்லித் தருகிற பாடம் இது. மீசை, ஓசை, காசு என்று சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். டாக்டர் கேட்டிருப்பார், நான் உயர்த்துவதற்கு முன்னால். எங்களுக்கோ லேபில் பிளாஸ்டர் அச்சோடுதான் குடித்தனம், பிளாஸ்டர் என்றைக்குப் பேசியது? பேசாத வாய்களுக்கே பல் கட்டிப் பழகிப்போன நான், என்னோடு ஒரே வீட்டில் இருக்கிற வாயை ஒரு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்கவில்லை.

வீட்டில் அம்மா எப்படிப் பேசினாள் என்று யோசித்துப் பார்த்தேன். நான் லேபிலிருந்து வந்ததும் "சாப்பிட்டியா?" என்றுதான் எப்போதும் கேட்பாள். இப்போதெல்லாம் "தட்டு வைக்கட்டா?" என்கிறாள். "சீக்கிரம் வா" போய் "நேரத்தோட வா" வந்திருந்தது. அந்த டக் என் காதில் விழக்கூடாது என்று, என் அம்மா சொந்த வீட்டில் வார்த்தை பொறுக்கிப் பொறுக்கிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினேன்.

ஒலிபெருக்கியில் அந்தப் பெண்ணின் குரல்தான் வந்துகொண்டிருந்தது. பின்னறையில் அம்மா ஒரு நீலப் பையின் கைப்பிடியில் நம்பர் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"நீ எங்கடி இங்க?"

"மீசைன்னு சொல்லு."

"என்ன விளையாட்டு இது?"

"சொல்லும்மா!"

அம்மா என் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். டக் என்றது.

"ஏம்மா எங்கிட்ட மறைச்ச?"

"மேலதிகாரி கேட்டாருடி. பல்லு செஞ்சது யாரு, வேற இடத்துல மாத்திக்கோங்கன்னாரு." ஒவ்வொரு 'ச'வுக்கும் ஒரு டக். "இங்க எல்லார்கிட்டயும் என் பொண்ணு செஞ்சது, என் பொண்ணு செஞ்சதுன்னு நானே தம்பட்டம் அடிச்சு வச்சிருக்கேன். எப்படி மாத்திச் சொல்றது? பல்லு நல்லாத்தான் இருக்கு, குரல்தான் போச்சுன்னுட்டேன். மைக்க அந்தப் பொண்ணுகிட்டக் குடுத்துட்டாங்க."

என் பெயர் கெடக்கூடாது என்று தன் குரல் கெட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறாள். எனக்குக் கண் மண் தெரியவில்லை. அம்மா "இருடி, இருடி" என்று கையைப் பிடித்ததை உதறிவிட்டு, பக்கத்து அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன். மேலதிகாரி நின்றிருந்தார். அந்தப் பெண் மைக் முன்னால் உட்கார்ந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தாள்.

"சார், எங்கம்மா குரலுக்கு ஒண்ணுமே ஆகல! பல்லுதான் தப்பு! நான் செஞ்ச பல்லு! டாக்டர் சொன்னத மீறி நானே உயரத்தக் கூட்டினேன்! அவங்கள மறுபடி மைக்குல..."

பின்னாலேயே ஓடிவந்த அம்மா என் வாயைப் பொத்தினாள். "மைக் ஓடுதுடி, பாவி! சும்மா இரு!"

அந்த 'சும்மா'வின் டக், மேடைக்கு மேடை ஒலிபெருக்கியில் எதிரொலித்து வந்தது. வெளியே யாரோ சிரித்தார்கள். அப்புறம் நிறையப் பேர் சிரித்தார்கள். அந்தப் பெண் பதறிப்போய் மைக்கை அணைத்தாள்.

அம்மா இந்த ஒரு மாதம் மறைத்து வைக்கப் பாடுபட்ட சத்தத்தை, நான் பஸ் நிலையம் முழுக்கக் கேட்க வைத்துவிட்டேன். என் மனப் பாரத்தை இறக்கி வைக்கிற அவசரத்தில் அவள் மானத்தை வாங்கிவிட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையைத் தூக்க முடியவில்லை.

மேலதிகாரி நல்ல மனிதர். சிரிக்கவில்லை. "சரி பண்ணிடலாமாம்மா?" என்று என்னைத்தான் கேட்டார்.

"பண்ணிடலாம் சார். உயரத்தக் கொறச்சு நானே புதுசா..."

"வேணாம்" என்றாள் அம்மா.

என்னை வெளியே நடைபாதைக்குக் கூட்டிவந்தாள். ஒரு பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. அது போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"நான் வேற லேப்ல செஞ்சுக்கறேன்."

"நான் இருக்கும்போதா? எங்க லேப்ல கேட்டா என்னம்மா நினைப்பாங்க?"

சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்கு உறைத்தது. அம்மா கோபப்படவில்லை. களைத்துப்போனவளாக என்னைப் பார்த்தாள்.

"நீ நல்லா வேலை தெரிஞ்சவதான். இல்லேன்னு யார் சொன்னா? ஆனா உனக்கு உங்கம்மா அழகா இருக்கணும். எனக்கு அது வேணாம். எனக்குப் பேசணும்." பிறகு கேட்டாள். "உன் தொழில்ல யாரு நல்லா செய்வாங்கன்னு உனக்குத் தெரியுமில்ல? நீயே சொல்லு."

மார்க்கெட்டுக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் ஒருவர் லேப் வைத்திருக்கிறார். பல்லுக்குச் சொந்தக்காரரை நேரில் உட்கார வைத்து அரை மணி நேரம் ஊர்க்கதை பேச வைத்துக் கேட்காமல் மெழுகைத் தொடவே மாட்டார். பைத்தியக்காரத்தனம் என்று லேபில் எல்லாரும் கேலி செய்வோம், நானும்தான்.

யோசிக்க வேண்டியிருக்கவே இல்லை. அம்மா கேட்ட உடனே அவர் முகவரியைச் சொல்லிவிட்டேன்.