சோமநாதபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை

மைசூர் போகலாம் என்று மனைவி அகல்யா கேட்டதும் ஆனந்தகுமார் சரி என்று சொல்லிவிட்டார். அவளாலேயே நம்ப முடியவில்லை. திருச்செங்கோட்டில் இரண்டு போர்வெல் வண்டி வைத்திருக்கிற மனுஷன் அவர். வண்டி போன ஊருக்கெல்லாம் போயிருக்கிறார், மத்தியப் பிரதேசம் வரைக்கும்கூட. ஆனால் சும்மா ஊர் பார்ப்பதற்கென்று பழனியைத் தாண்டிக் காலெடுத்து வைத்தவரில்லை.

"புலி பாக்கலாமுங்க. பந்திப்பூர்ல காட்டுக்குள்ள ஜீப்புல கூட்டிட்டுப் போறாங்களாமா. அப்புறம் சோமநாதபுரம்னு ஒரு கோயிலு, கல்லுல அப்படியே நகை செஞ்சு வெச்ச மாதிரி இருக்குதுங்க" என்று போனை நீட்டினாள்.

அவர் படத்தைப் பார்த்தார். "சரி, பிளான் போடு" என்றார்.

புலியும் கோயிலும் ஒரு சாக்குதான். அவர்களுடைய ஒரே மகள் இனியா மைசூரில் இருந்தாள்.

இனியா இங்கேயே இன்ஜினியரிங் படித்து, மைசூரில் வேலை கிடைத்துப் போனவள். கூடப் படித்த வளவனைத் தை மாசம் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். வளவன் நல்ல பையன், நல்ல வேலை. ஆனால் சாதி வேறு. அன்றைக்கே ஆனந்தகுமார் ஹாலில் மாட்டியிருந்த மகளின் போட்டோவைக் கழற்றினார். அவருடைய அண்ணன் குமாரசாமி, "அவ செத்துட்டான்னு நெனச்சுக்க" என்று சொந்தபந்தம் எல்லோர் முன்னாலும் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இனியா என்ற பேரை யாரும் வாயில் எடுக்கவில்லை. விசேஷ வீடுகளில் இவர்கள் போய் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிகள் மெதுவாகக் காலியாகும்.

அகல்யா மட்டும் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற சாக்கில் டெய்லர் மலர்விழியின் கடைக்குப் போவாள். இனியா மலர்விழியின் போனுக்குக் கூப்பிடுவாள். துணிக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து தாயும் மகளும் பேசுவார்கள். என்ன சமைத்தாய், சளி விட்டதா, அவ்வளவுதான். அந்தப் பேச்சில்தான் ஒரு நாள் இனியா சொன்னாள்: "நீ மைசூருக்கு வாம்மா. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். ஏதாவது கோயிலுக்குள்ள நான் தற்செயலா வந்த மாதிரி வாரேன். ஒரு தடவ உன்னையப் பாத்தாப் போதும்."

அன்றிலிருந்து அகல்யா பிளான் போட ஆரம்பித்தாள். மதியம் எல்லோரும் தூங்குகிற நேரத்தில் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தாள். திம்பம் மலைப்பாதையில் எப்போது ஏறினால் லாரிக் கூட்டம் இருக்காது, சபாரி சீட்டை எப்படி முன்பதிவு செய்வது, பந்திப்பூரில் காலையில் போனால் நல்லதா சாயங்காலம் போனால் நல்லதா, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். காட்டுக்குள் சிவப்புத் துணி உடுத்தக்கூடாது, செண்ட் அடிக்கக்கூடாது என்றுகூடத் தெரிந்து வைத்திருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் சபாரி, ராத்திரி அங்கேயே தங்கல், ஞாயிறு காலை பத்து மணிக்குச் சோமநாதபுரம், அன்று பொழுது சாய்ந்ததும் மைசூர் அரண்மனை விளக்கு, திங்கள்கிழமை ஸ்ரீரங்கப்பட்டணம். இதுதான் அவள் போட்ட வழி. கல்லூரிக்குப் போகாமலே கல்யாணம் ஆனவள் அவள். ஒரு காரியத்தை முழுசாகத் தானே யோசித்து அடுக்குவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. அந்த நாட்களில் அவள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

ஆனந்தகுமாரும் மாறித்தான் போயிருந்தார். தினமும் பிளான் எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"ஏம்புள்ள, அவளும் மைசூர்லதான இருக்கறா?"

அகல்யா ரசக்கரண்டியைச் சட்டிக்குள்ளேயே போட்டுவிட்டாள்.

"எனக்கும் பெத்த பாசம் இருக்காதா? ஊருக்காவப் பேசறது வேற. நேர்ல பாத்தா மனசு மாறுமோ என்னமோ" என்றார். குரல் கம்மியிருந்தது.

அவ்வளவுதான். இத்தனை மாசம் அடக்கி வைத்த அழுகையெல்லாம் பீறிட்டு வந்தது. சுவரோரமாக உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கோயிலுக்கு இனியா வரப்போவதைச் சொன்னாள். அவர் கேட்கக் கேட்க, மகளின் வீடு அணைக்கட்டுக்குப் போகிற ரோட்டில் எந்த நிறுத்தம், மஞ்சள் பெயிண்ட் அடித்த மாடி வீடு என்பது வரைக்கும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அழுவாத" என்று அவள் தலையில் கை வைத்தார்.

அடுத்த நாளே மலர்விழியின் கடைக்கு ஓடினாள். "அப்பா மாறிட்டாரு கண்ணு. நீ பயமில்லாம வா. மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா" என்றாள். மறுமுனையில் இனியா ஓவென்று அழுதாள்.

ஒரு வாரம் கழித்து ஆனந்தகுமார், "அண்ணனும் வராரு. நம்ம போர்வெல் ரிக்குப் பசங்க ரெண்டு பேரும் வரானுங்க" என்றார்.

அகல்யா அதைத் தப்பாக நினைக்கவில்லை. பெரியவரும் மனம் இரங்கிவிட்டார் என்றே சந்தோஷப்பட்டாள். "அப்பிடின்னா சபாரிக்கு அவிய ஆதார் நம்பரெல்லாம் வேணுமுங்க. சீட்டுக்குச் சீட்டு பேரு குடுக்கோணும்" என்றாள்.

"அவனுங்க காட்டுக்கு வல்ல. ஞாயித்துக்கெழம நேரா கோயிலுக்கு வந்துருவானுங்க. தனிக் காரு."

"புலி பாக்காம எதுக்குங்க அவ்வளவு தூரம்?"

"உனக்கெதுக்கு அது? ரூமும் போட வேண்டாம். கார்லயே படுத்துக்குவானுங்க."

சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட்டார். அகல்யா குமாரசாமியின் மனைவி உஷாராணிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, உங்க பேரும் சீட்டுக்குக் குடுக்கோணும். ஆதார் நம்பர் சொல்லுங்."

"என்ர பேரப் போடாத" என்றாள் உஷாராணி. "என்னைய வர வேண்டாம்னுட்டாரு. பொம்பளைங்களுக்கு அங்க என்ன வேலைன்னாரு."

"நான் போறனுங்களே?"

உஷாராணிக்குப் பின்னால் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. அது நின்றது. எழுந்து கதவைச் சாத்தியிருப்பாள் போல. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "வயித்து வலின்னு சொல்லிப் படுத்துக்க கண்ணு. அந்தப் புள்ளையையும் வர வேண்டாம்னு சொல்லு. நான் சொன்னேன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிப்போடாத. எனக்கும் இந்த ஊட்டுலதான் பொழப்பு."

போனை வைத்துவிட்டாள்.

அகல்யாவுக்கு முதலில் அழுகை வரவில்லை. தான் என்னென்ன சொன்னோம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். நிறுத்தம் சொன்னோம். மஞ்சள் பெயிண்ட் சொன்னோம். மாடி என்றும் சொன்னோம். அவர் தலையில் கை வைத்த இடம் இப்போது எரிந்தது.

பயணத்தை நிறுத்திவிட்டால்? நிறுத்தினால் அவர்கள் கோயிலுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். நாளைக்கே அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். போட்ட பிளான் அப்படியே இருக்கிறவரைக்கும்தான் ஞாயிற்றுக்கிழமை வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். அதனால் அவள் போயே ஆகவேண்டும். முகம் வாடாமல் போகவேண்டும்.

மலர்விழியின் கடையில் துணிக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டாள்.

"கோயிலுக்கு வராத. அந்த ஊட்டையும் காலி பண்ணிரு. ஞாயித்துக்கெழமைக்குள்ள."

"அப்பா மாறிட்டாருன்னு நீதான சொன்னே?"

"நாந்தான் சொன்னேன்."

"ஊட்டை எதுக்கும்மா காலி பண்ணோணும்? ஊடு எங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"ஞாயித்துக்கெழமைக்குள்ள சாமி" என்றுதான் மறுபடியும் அகல்யாவால் சொல்ல முடிந்தது. இனியாவுக்குப் புரிந்துவிட்டது. நீளமாக மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஆண் குரல் வந்தது. வளவன் அதுவரை அவளிடம் பேசியதில்லை.

"அத்தை, நீங்க அழுவாதீங்க. நாங்க பாத்துக்கறோம். உங்களத் தப்பா நெனக்கல."

அதைக் கேட்டபிறகுதான் அவள் வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதாள். மறுபடி இனியா வந்தாள். அவள் குரல் காய்ந்து போயிருந்தது.

"எங்க போறோம்னு உன்கிட்டச் சொல்ல மாட்டேம்மா. இந்த நம்பருக்கும் இனிக் கூப்பிட மாட்டேன்."

"சொல்லாத சாமி. நானே கேட்டாலும் சொல்லாத."

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். ஆனந்தகுமார் தானே கார் ஓட்டினார். பக்கத்தில் குமாரசாமி. பின்னால் அகல்யா தனியாக, மடியில் புளிச்சோற்று டப்பா. திம்பம் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது குமாரசாமி பழைய கதைகள் சொல்லிச் சிரித்தார். "அகல்யா நல்லாத்தான் வழி போட்டிருக்கறா" என்று மெச்சினார். அவள் "ஆமாங்க" என்றாள்.

காட்டுக்குள் ஜீப் மெல்லப் போனது. மான் கூட்டம், மயில், தூரத்தில் குட்டியோடு ஒரு யானை. ஒரு குட்டை ஓரம் ஓட்டுநர் சட்டென்று வண்டியை நிறுத்தி விரலை உதட்டில் வைத்தார். எதிர்க்கரைப் புதரிலிருந்து புலி இறங்கி வந்தது. அவசரமே இல்லாமல் தண்ணீர் குடித்தது. ஜீப்பில் ஒருவரும் மூச்சு விடவில்லை. ஆனந்தகுமார் அகல்யாவின் தோளைப் பிடித்து, அவள் தலையை இதமாகத் திருப்பி, "அங்க பாரு, அங்க பாரு புள்ள" என்று காதோரம் கிசுகிசுத்தார். கல்யாணமான புதிதில்கூட அவர் அப்படித் தொட்டுக் காட்டியதில்லை. அவருடைய கண்கள் குழந்தையின் கண்கள்போல விரிந்திருந்தன. இதே ஆள்தானா என்று அவள் நினைத்தாள். இதே ஆள்தான். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

மறுநாள் சோமநாதபுரத்துக்கு அவர்கள் போனபோது ரிக்குக்காரர்கள் இருவரும் முன்பே வந்து, வெளியே இளநீர்க்கடையில் நின்றுகொண்டிருந்தார்கள். அகல்யாவைப் பார்த்ததும் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கையால் பலமுறை சாப்பிட்டவன்.

கோயில் வீடியோவில் பார்த்ததைவிட அழகாக இருந்தது. நட்சத்திரம்போல மடிந்து மடிந்து போகிற மேடை, அதன்மேல் வரிசை வரிசையாக யானை, குதிரை, கொடி, தெய்வங்கள். மூக்குடைந்த சிலைகளும் இருந்தன. பூசை இல்லாத கோயில் என்று யாரோ தன் குடும்பத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அகல்யா மேடையை ஒரு சுற்றுச் சுற்றினாள், பிறகு இன்னொரு சுற்று. ஆனந்தகுமார் சுற்றுமண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். இளம் ஜோடி ஒன்று உள்ளே வரும்போதெல்லாம் குமாரசாமி எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்தார். அகல்யாவும் அந்த ஜோடிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சொன்னதைக் கேட்காமல் இனியா வந்துவிட்டால்? சுடிதார் போட்ட ஒரு பெண் பின்புறமாக அப்படியே இனியா மாதிரி நடந்தாள். திரும்பியபோது வேறு முகம். வராமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். பெற்ற மகளைப் பார்க்கக்கூடாது என்று வேண்ட அந்தக் கோயிலில் கும்பிடுகிற சாமியும் இல்லை.

வெயில் உச்சிக்கு வந்தது. ஆனந்தகுமார் அவளருகில் வந்தார்.

"வல்லியா?"

"என்னமோ தெரியலீங்க. வாரேன்னுதான் சொன்னா."

அவர் அவள் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தார். குமாரசாமி அந்த இருவரோடு மற்ற காரில் ஏறிப் போனார். எங்கே போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்: அந்த மஞ்சள் பெயிண்ட் அடித்த மாடி வீட்டுக்கு.

மைசூரில் அரண்மனைக்கு எதிரே காரை நிறுத்திக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து அவருக்குப் போன் வந்தது. குமாரசாமியின் குரல் அகல்யாவுக்கே கேட்டது: "காலி பண்ணிட்டுப் போயிட்டாங்கடா. முந்தாநேத்தே. பக்கத்துல ஒருத்தனுக்கும் தெரியல."

அகல்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உள்ளுக்குள் ஒரு கணம் குளிர்ந்தது. அடுத்த கணமே, மகள் இந்த உலகத்தில் எந்த மூலையில் இருக்கிறாள் என்று இனித் தனக்கும் தெரியாது என்பது உறைத்தது.

அரண்மனை விளக்குப் போடும்வரை அவர் இருக்கவில்லை. காரைத் திருப்பினார். சாமராஜநகர் தாண்டியதும் அகல்யாதான் கேட்டாள்.

"வந்திருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?"

"பேசியிருப்போம்."

"பேசறதுக்கு ரெண்டு காரு எதுக்குங்க? அந்த ரெண்டு பேரு எதுக்கு?"

அவர் மலையிறங்கி, பண்ணாரி கோயில் முன்னால் வண்டியை நிறுத்தினார். அந்த வழியில் போகிறவர்கள் அம்மனைக் கும்பிடாமல் போவதில்லை. அவள் இறங்கவில்லை. அவர் மட்டும் போய், பிரசாதமாகக் கொடுக்கிற புற்றுமண்ணை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தார். ஜன்னல் வழியாக அவள் நெற்றியில் வைக்கக் கையை நீட்டினார். அவள் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

"எங்க இருக்கறா அவ?" என்றார். இந்தத் தடவை குரல் கம்மவில்லை.

"தெரியாதுங்க."

"பொய் சொல்லாத."

மகளின் வீட்டு அடையாளம் சொன்ன நாளுக்குப் பிறகு அவள் அவரிடம் சொன்ன முதல் உண்மை இது. அதை அவர் நம்பவில்லை. அகல்யா ஜன்னல் கண்ணாடியை மேலே ஏற்றினாள்.