அடக்கி ஓட்டிய படகு

வீரமுத்து தன் படகை ஒருநாளும் வேகமாக ஓட்டியதில்லை. கச்சிராயபாளையத்தில் டீசல் இன்ஜின் வைத்துத் தன் கரும்பு நிலத்துக்குத் தண்ணீர் இறைத்த ஆள். அடக்கி ஓட்டினால் இன்ஜின் ஆயுசுக்கும் உழைக்கும் என்பது அவருக்கு வேதவாக்கு. அந்த நிலத்தை விற்றுத்தான் இந்தப் பழைய மோட்டார் படகை வாங்கி, கல்வராயன் மலையில் ஓர் ஏரியில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றினார். பின்னால் உட்கார்ந்து எத்தனை பேர் கத்தினாலும் வேகம் கூட்ட மாட்டார். மாட்டுவண்டி போட் என்று பேர்கூட வைத்துவிட்டார்கள்.

அப்படிப் பொத்திப் பொத்தி வைத்த இன்ஜின்தான் இப்போது வெள்ளைப் புகை கக்கியது. கடலூர் துறைமுகத்திலிருந்து வந்த மெக்கானிக் கலையரசன் புகைக்குழாய்க்குள் விரலை விட்டுத் துழாவினான். விரல் முழுக்கக் கரி, தார் மாதிரி.

"இது ஓடித் தேஞ்சது இல்லண்ணே. மீன் புடிக்கிற போட்டு ராவும் பகலும் ஓடிக்கினே கெடக்கும், வருசக்கணக்கா உழைக்கும். இந்த மாதிரி ஜாலி போட்டுங்கதான் சீக்கிரம் கெட்டுப்போவும். நீங்க இத சூடேறவே வுடல."

"நல்லாத்தான பாத்துக்கினேன்."

"அதான் கெட்டுச்சி. போட்டக் கட்டிப்போட்டு முழுசா முறுக்குங்க. கரி எரிஞ்சா தெளியும். இல்லன்னா இன்னாவாச்சும் ஒடயும்."

கரையிலிருந்த மரத்தில் படகைக் கட்டினார்கள். வீரமுத்துவின் கை வேகம் கூட்டும் லீவரைப் பாதிவரை தள்ளி நின்றுவிட்டது. இதுவும் போனால் அடுத்தவன் காட்டில் கரும்பு வெட்டத்தான் போக வேண்டும்.

கரையில் பிளாஸ்டிக் நாற்காலியில் விஜயலட்சுமி இருந்தாள். நெஞ்சில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் மனைவிக்கு அந்த நாற்காலிதான். நன்றாக நடக்கலாம், வீட்டு வேலையும் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியும் இவர் ஒரு குடம் தூக்க விடவில்லை. சண்டை போட்டுப் பார்த்து அவளும் ஓய்ந்துவிட்டாள். இப்போது தெருமுனைவரை போனாலே மூச்சு வாங்கியது. மூச்சு வாங்குகிறதே என்று இன்னும் உட்கார வைத்தார்.

அவள் எழுந்து பலகை வழியாகப் படகுக்குள் வந்தாள்.

"நீ இன்னாத்துக்கு வந்த? போய் உக்காரு."

"உக்கார வெச்சி உக்கார வெச்சித்தான் இது இப்பிடி ஆச்சி. நானுந்தாங்க."

அவர் கைமேல் தன் கையை வைத்து லீவரைக் கடைசிவரை தள்ளினாள். படகு முன்னால் பாய்ந்து கயிற்றில் மாட்டி நின்றது. பின்னால் தண்ணீர் குழம்பியது. கரும்புகை ஏரியை மூடியது. இன்ஜின் ஒருமுறை திணறியதும் அவர் கை தானாகப் பின்னுக்கு இழுத்தது. அவள் விடவில்லை. அவளுக்கு மூச்சிரைத்தது, நெற்றியில் வேர்வை.

"போதும் விஜயா."

அவள் காலை அகட்டி வைத்து, இன்னும் அழுத்திப் பிடித்தாள். விறைத்த கயிறு இறுக்கிய இடத்தில் மரத்தின் பட்டை துண்டு துண்டாக உதிர்ந்துகொண்டிருந்தது.